கோட்டம் எடுத்துத் தரப்படும்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: சைக்கிள் சக்கரம் கட்டுகிறவர்கள் கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைப் பித்தளையிலேயே போடுங்கள் என்று. தேர்தலைப் பற்றி எழுதினால்கூட இத்தனை கடிதம் வந்ததில்லை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இவ்வளவு பேர் குனிந்து சக்கரத்தைப் பார்க்கிறார்கள் என்பதே எனக்குச் செய்தி. ஆகவே இந்த முறை முழுக்க நிப்பிள்தான். கூட்டணி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும். அதற்குள் கூட்டணியே மாறியிருக்கும்.

அலுமினிய நிப்பிள் போட்டால் சைக்கிள் பறக்கும் என்கிறார்கள் ஆபீஸ் நண்பர்கள். நீங்கள் ஏன் பித்தளையைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?
*(ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வரும் வாசகர்)*

அழவில்லை ஐயா, எடை போட்டுப் பார்த்தேன். சாதாரண 12 மி.மீ. பித்தளை நிப்பிள் ஒன்று சுமார் 1 கிராம். அலுமினியத்தில் அதே சாமான் அதில் மூன்றில் ஒரு பங்கு. சக்கரத்துக்கு 32 கம்பி, இரண்டுக்கும் 64. மொத்த மிச்சம் 40, 45 கிராம். அதாவது ஓர் இட்லி.

கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை வழியாக ஓசூர் போய்ச் சேர்வதற்குள் சுமார் 400 மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள். அந்த இட்லி எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு ஆகும் வேலை 175 ஜூல் சொச்சம். அதே இட்லியைத் தின்றுவிட்டு மிதித்தால்? தின்றதில் கால் பங்கு தெம்புதான் பெடலுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த எடையை இருநூறு முறை ஓசூருக்கு ஏற்றலாம். எடையைக் குறைக்க ஆசைப்பட்டால் முதலில் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். பிறகு, கோபித்துக்கொள்ளாதீர்கள், இடுப்பைப் பாருங்கள்.

சுழலும் பாகத்தில் குறைக்கிற எடைக்கு இரட்டிப்பு லாபம் உண்டே? அதைச் சொல்லாமல் மறைக்கிறீர்கள்.
*(பர்கூர் பொறியியல் மாணவர்)*

வேகமெடுக்கும்போது மட்டும் உண்டு. ஏற்றத்தில் அந்தச் சலுகை கிடையாது. சரி, உங்களுக்காக இரண்டு இட்லி. சட்னிக்குத் தனிக் காசு.

நிப்பிள் என்று வகுப்பில் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். தமிழில் என்ன சொல்லலாம்?
*(ஊத்தங்கரை ஆசிரியர்)*

உள்ளே திருகுச் சுற்று இருப்பதால் அது ஒரு மரை. தலையில் தொப்பி வைத்த குட்டி மரை. "கம்பி மரை" என்று சொல்லிப் பாருங்கள். அது கழன்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள்; "மரை கழன்ற கேஸ்" என்று வகுப்பே பதில் சொல்லும். பாடமும் முடிந்தது. ஆனால் கடைக்குப் போய் "கம்பி மரை பத்து கொடுங்க" என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே போக்ஸ் கம்பி, நிப்பிள், இந்த இரண்டு சொல்தான் செல்லும்.

இத்தனூண்டு சாமானுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? எங்கள் மாட்டு வண்டிச் சக்கரத்தில் இந்த நிப்பிள் எல்லாம் ஏது?
*(தளி விவசாயி)*

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். உங்கள் வண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், சுற்றிலும் வட்டை, இரண்டுக்கும் இடையே ஆரக்கால். அதற்கு மேல் இரும்புப் பட்டாவை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணீரை ஊற்றினால் "சுர்ர்" என்று சுருங்கி மொத்தத்தையும் உள்நோக்கி நெருக்கும். ஆரக்கால் நெருக்கத்தில் நிற்கிறது. பாரத்தைத் தோளில் வாங்குகிறது.

சைக்கிள் சக்கரத்தின் நியாயமே வேறு. 2 மி.மீ. கம்பியைத் தரையில் நட்டு மேலே கையை வைத்தால் வளைந்துவிடும். அதற்குத் தாங்கத் தெரியாது, இழுக்கத்தான் தெரியும். எல்லாக் கம்பியையும் முன்கூட்டியே விறைப்பாக இழுத்து வைத்தால் ரிம் நடுவில் நிற்கும். பாரிஸில் யூஜின் மேயர் இப்படி ஒரு கம்பிச் சக்கரத்துக்கு 1869-ல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் கம்பிகளைச் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகும்படி பின்னினார். நம் ஊர்க் கடைகளில் இன்றைக்கும் பின்னுவது அந்தப் பின்னல்தான். பாரம் ஏறும்போது கீழே இருக்கும் கம்பிகளின் இழுப்பு குறைகிறது. முன்பே இழுத்து வைத்ததால் தொய்வதில்லை. "அப்படியானால் சக்கரம் கீழ்க் கம்பியில்தான் நிற்கிறது" என்று அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-ல் புத்தகமே போட்டார். "இல்லை, மேல் கம்பியில் தொங்குகிறது" என்று அவரிடம் வம்புக்குப் போனவர்களும் உண்டு.

அந்த இழுப்பு எவ்வளவு தெரியுமா? நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒரு கம்பிக்குச் சுமார் 100 கிலோ. ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு நெல் மூட்டைக்கு மேல் தொங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இத்தனூண்டு சாமானைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேச?

நான் ட்ராப் மெஷின் ஆபரேட்டர். பித்தளை ராடு போட்டு நாமே நிப்பிள் கடைந்து விற்கலாமா? லூதியானாக்காரர்கள் மட்டும்தான் செய்ய வேண்டுமா?
*(ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டை)*

உங்கள் கேள்வியிலேயே ஏன் பித்தளை என்பதற்குப் பாதி பதில் இருக்கிறது. கடைசல்காரனுக்குப் பித்தளை மாதிரி நல்ல பிள்ளை கிடையாது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவையில் கொஞ்சம் ஈயத்தையும் கலந்துவிட்டால், துருவல் நீளமாகச் சுருண்டு டூலைச் சுற்றாது. தூள் தூளாக உதிரும். மற்ற உலோகங்களின் கடைசல் சுலபத்தை அளக்க அந்தப் பித்தளையைத்தான் 100 மதிப்பெண்ணாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கடிகார ஆலை 1987-லிருந்து ஓடுகிறது. கைக்கடிகாரத்தின் அடித்தகட்டுக்கும் பெரும்பாலும் பித்தளைதான். வேலை முடிந்து சாப்பிடப் போகுமுன் கையைக் கழுவுங்கள், ஈயம் இருக்கிறது.

கடைவது சுலபம். அதற்குப் பிறகு வருவதுதான் வேலை. நிப்பிளின் உடம்பைச் சதுரமாக்க வேண்டும், தலையில் திருப்புளிக் காடி வெட்ட வேண்டும், உள்ளே அங்குலத்துக்கு 56 சுற்று மரை போட வேண்டும். கம்பியில் இருக்கும் மரை வெட்டியது அல்ல, உருட்டி அழுத்தியது. அதனால் 2 மி.மீ. கம்பியில் மரை மட்டும் சுமார் 2.2 மி.மீ. புடைத்திருக்கும். கண்ணாடி போட்டுப் பாருங்கள், தெரியும். டேப் சிறிது தளர்ந்தால் நிப்பிள் ஆடும், இறுகினால் பாதியில் நிற்கும். லூதியானாவில் இதைச் சேமியா பிழிகிற மாதிரி பிழிந்து தள்ளுகிறார்கள். விலையில் அவர்களோடு மோத முடியாது. ஆசைக்கு ஐம்பது கடைந்து எனக்கு நான்கு அனுப்புங்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காது. பிறகென்ன பயம்?
*(கிருஷ்ணகிரி பழையபேட்டை வாசகர்)*

துரு பிடிக்காது, அரித்துப்போகும். இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு பேட்டரி. போச்சம்பள்ளியில் 2021-லிருந்து மின்சார ஸ்கூட்டர் ஆலை ஓடுகிறது. அங்கே பேட்டரி காசு சம்பாதிக்கிறது. உங்கள் நிப்பிளுக்குள் உருவாகும் பேட்டரி காசைத் தின்னும். ஸ்டெயின்லெஸ் கம்பியும் அலுமினிய நிப்பிளும் சேர்ந்தால் கரைந்துபோகிற தியாகி எப்போதும் அலுமினியம்தான். வெள்ளைப் பொடியாகப் பூத்து, மரையில் ஒட்டிக்கொண்டு, சாவி போட்டுத் திருகும் அன்றைக்குக் கழுத்தோடு வந்துவிடும். பித்தளைக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் அந்த அளவுக்குப் பகை இல்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தெருக்காரர்கள்.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். வெளிநாட்டில் அலுமினியத்தைத் திட்டுகிறவர்கள் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிற ஊர்க்காரர்கள். நமக்குப் பனிச் சாலையும் இல்லை, கடலும் இல்லை. ஓசூரில் நிப்பிளில் விழும் உப்பு உங்கள் நெற்றி வியர்வையும், பாட்டிலிலிருந்து சிந்தும் குளூக்கோஸ் தண்ணீரும்தான். எனவே இங்கே மட்டும் ஓட்டுகிறவர் அலுமினியம் போட்டால் வானம் இடிந்து விழாது. சனி ஞாயிறானால் சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு ஈ.சி.ஆர். போகிறவர் பித்தளை போடட்டும்.

கார்பன் ரிம்முக்கு?
*(ஓசூர் பாகலூர் ரோடு)*

பித்தளை. கார்பன், ஸ்டெயின்லெஸ்ஸையும் மிஞ்சிய மேட்டுக்குடி. பக்கத்தில் அலுமினியத்தை வைத்தால் இன்னும் சீக்கிரம் கரைக்கும். ரிம்முக்கு அவ்வளவு கொட்டிக் கொடுத்தவர் நிப்பிளில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

என் சைக்கிளை மாட்டுக் கொட்டகையில்தான் நிறுத்துகிறேன். பித்தளைக்கு ஏதாவது ஆகுமா?
*(மத்திகிரி பால் வியாபாரி)*

இத்தனை கடிதத்தில் என்னை எழுந்து உட்கார வைத்தது இதுதான். ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை.

19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஒரு விசித்திரத் தொல்லை. மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் யாரும் தொடாமலேயே வெடிப்பு விட்டன. அந்த மழைக்காலத்தை வைத்தே அதற்குப் "பருவ வெடிப்பு" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வந்தது. இன்றைய உலோகவியல் புத்தகத்திலும் அதே பெயர்தான். காரணத்தை இங்கிலாந்தில் மூன்று ஆய்வாளர்கள் 1921-ல் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா, மழைக்கால ஈரம், தகட்டை இழுத்து உறையாக்கும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கம், மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். உறையை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைப் போக்கினார்கள், தொல்லை தீர்ந்தது.

உங்கள் கொட்டகையில் அமோனியா உண்டு, ஈரம் உண்டு, நிப்பிளில் நூறு கிலோ இழுப்பும் உண்டு. ஜாதகம் பொருந்துகிறது! ஆனால் நிப்பிளுக்கு மேலே நிக்கல் முலாம் இருக்கிறது. தோட்டா உறையைப் போல அதை ஆழமாக இழுத்துச் செய்வதுமில்லை. கொட்டகைச் சைக்கிள்கள் நிறையப் பார்த்திருக்கிறேன், இப்படிப் பிளந்த நிப்பிளை நான் கையில் எடுத்ததில்லை. இருந்தாலும் சைக்கிளைத் திண்ணைக்கு மாற்றுங்கள். மாட்டுக்கும் இடம் கிடைக்கும்.

இன்னொன்று. பால் கேன் கட்டுகிற பழைய வகை சைக்கிளானால் பின் சக்கரக் கம்பியை எண்ணிப் பாருங்கள். 40 இருக்க வேண்டும், முன்னால் 32. பாரம் பின்னால் என்று தெரிந்தவன் போட்ட கணக்கு அது. பின்னால் ஒரு கம்பி போனால்கூட "அப்புறம் பார்க்கலாம்" என்று விடாதீர்கள்.

கடைக்காரர் பித்தளை என்கிறார். பார்த்தால் வெள்ளையாக இருக்கிறது. ஏமாற்றுகிறாரா?
*(காவேரிப்பட்டினம் வாசகி)*

வெள்ளையெல்லாம் நிக்கல் முலாம். காந்தத்தை வையுங்கள்: "டக்" என்று ஓடி ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு. மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெள்ளையே தெரிந்தால் அலுமினியம். கடைக்காரர் முன்னால் செய்ய வேண்டாம், ஒன்று வாங்கிவந்து வீட்டில் செய்யுங்கள். இரும்பு நிப்பிள் பாவமில்லை, மழையில் துருவேறி இறுகிவிடும், அவ்வளவுதான்.

நிப்பிள் மரைக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
*(அஞ்செட்டி)*

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் உங்கள் ஊரில் பாட்டிலை அடுப்போரம் வைத்துத்தானே தலைக்குத் தேய்க்கிறீர்கள்? சக்கரத்தையும் அடுப்போரம் வைப்பீர்களா? சக்கரம் கட்டுகிறவர்கள் பழைய நாளிலிருந்து விடுவது ஆளி விதை எண்ணெய். கட்டும்போது வழுக்கும், ஓரிரு நாளில் காய்ந்து பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் ஒரு பொட்டு கிரீஸ். அலுமினியம் போடுகிறவருக்கு இது சலுகை இல்லை, கட்டாயம்.

அரசு கொடுத்த சைக்கிள். ஓட்டும்போது "டிக் டிக்" சத்தம் வருகிறது. நிப்பிள் எல்லாம் மாற்ற வேண்டுமா?
*(பிளஸ் ஒன் மாணவி, வேப்பனப்பள்ளி)*

வேண்டாம் கண்ணு. 2001-02-ல் இந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ அக்காமார்கள் இதே சத்தத்தோடு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒவ்வொரு கம்பியையும் வீணைத் தந்தி மாதிரி சுண்டிப் பார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டும். எது "தொப்" என்கிறதோ அது தளர்ந்தது. அதன் நிப்பிளைக் கால் சுற்று இறுக்கச் சொல். கம்பிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடு. பாதிச் சத்தம் அங்கேயிருந்துதான்.

இறுக்க வலப்பக்கமா, இடப்பக்கமா? ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.
*(பெயர் வேண்டாம், ராயக்கோட்டை)*

பெயர் போட்டிருக்கலாம், இதில் எல்லோரும் குழம்புகிறோம். டயரைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து, திருப்புளி போடும் பக்கமாகப் பார்த்தால் கடிகாரச் சுற்று இறுகும். ஹப் பக்கமிருந்து பார்த்தால் அதே திருப்பம் எதிர்ச்சுற்றாகத் தெரியும். கர்நாடக எல்லையிலிருந்து பார்த்தால் ஓசூர் தெற்கே, கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தால் வடக்கே. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

நீல நிறம், சிவப்பு நிறத்தில் நிப்பிள் வருகிறதே, அது எந்த உலோகம்?
*(கல்லூரி மாணவர், சூளகிரி)*

அலுமினியம். சாயம் ஏற அதற்குத்தான் தோல் உண்டு. அழகுக்குப் போடுகிறேன் என்று சொன்னால் நான் தடுக்க மாட்டேன். அதுதான் உள்ளதிலேயே நேர்மையான காரணம். ஓசூரில் மட்டும் இரண்டு நிறம் கலந்து போடாதீர்கள். எந்தக் கட்சி, எந்த மாநிலக் கொடி என்று மூன்று மொழியில் கேட்பார்கள்.

கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே பாலத்தில் நுரை பொங்கும்போது ஓட்டிப் போனால்?
*(ஓசூர் ஒன்றிய வாசகர்)*

நிப்பிளுக்கு முன்னால் உங்களை நினைத்துப் பாருங்கள், சுற்றிப் போங்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நுரையில் காரம் இருந்தால் அது அலுமினியத்துக்கு ஆகாது. அலுமினியச் சட்டியைச் சோடா உப்பு போட்டுத் தேய்த்தால் கறுத்துப்போவதை வீட்டில் கேளுங்கள். ஆற்றில் நுரை ஏன் வருகிறது என்ற கேள்வியை நிப்பிள்காரனிடம் கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

நீங்கள் அலுமினியம் போட்டதே இல்லையா? அனுபவமா, வாய்ச்சவடாலா?
*(கெலமங்கலம்)*

போட்டேன். நீல நிறம்தான், ஒளிப்பானேன். நானே கட்டிய பின் சக்கரம். மேலுமலை ஏற்றத்தில் "டப்" என்று ஒரு சத்தம். கல் தெறித்தது என்று நினைத்தேன். இன்னும் ஒரு "டப்". இறங்கிப் பார்த்தால் ரிம் பிரேக் கட்டையில் உரசுகிறது, இரண்டு கம்பி லொடலொட என்று தொங்குகிறது, நிப்பிளின் தலை மட்டும் ரிம்முக்குள் கிலுகிலுப்பை மாதிரி உருளுகிறது. லாரி டிரைவர் ஒருவர் நிறுத்தி, "என்ன சார் உள்ளே, சில்லறையா?" என்றார்.

இரண்டு நாள் உலோகத்தைத் திட்டினேன். பிறகு கம்பியை அளந்தேன்: 2 மி.மீ. குட்டை. பிழை என்னுடையது. கம்பியின் முனை நிப்பிளின் தலைக்குள், திருப்புளிக் காடியின் அடி வரை வந்து நிற்க வேண்டும். அதற்கு முன்பே நின்றுவிட்டால் தலைக்கும் கழுத்துக்கும் நடுவே வெறும் கூடு; இழுப்பு முழுக்க அந்தக் கூட்டில். பித்தளை இந்த மாதிரி அஜாக்கிரதையை நிறைய நாள் மன்னிக்கும். அலுமினியம் மன்னிக்காது. சாவி விஷயமும் அப்படியே: 3.23 மி.மீ. நிப்பிளில் 3.45 சாவியைப் போட்டால் பித்தளை முகம் சுளிக்கும், அலுமினியம் மூலை மழுங்கி உருண்டையாகிவிடும்.

உலோக வலுவில் அலுமினியம் மட்டமில்லை. கட்டுகிறவன் கையும் அளவும் சரியாக இருந்தால் வருடக்கணக்கில் ஓடும். என் கையை எனக்குத் தெரியும், அதனால் பித்தளை.

சைக்கிள் நிப்பிளை மொபெட்டுக்குப் போடலாமா?
*(தேன்கனிக்கோட்டை)*

கூடாது. 1980-ல் டி.வி.எஸ். 50 உங்கள் பக்கத்து ஊரான ஓசூரிலிருந்துதான் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அன்றிலிருந்து அந்த வம்சம் ஏற்றாத மூட்டை இல்லை. அதன் கம்பி தடிமன் வேறு, மரை வேறு. உள்ளேயே போகாது. போனால் அதைவிட ஆபத்து.

கழற்றிய பழைய பித்தளை நிப்பிளை என்ன செய்ய?
*(கிருஷ்ணகிரி, ஓய்வு பெற்றவர்)*

காயலான் கடையில் பித்தளையைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆயிரம் நிப்பிள் சேர்ந்தால் ஒரு கிலோ. இப்போது உங்களிடம் 72 இருக்கும்.